மூன்றாவது கார்டு

எங்கள் ஆஸ்பத்திரிக்கு சர்க்கார் வைத்த பெயர் தொற்றுநோய் மருத்துவமனை. திருச்சிக்காரர்கள் வைத்த பெயர் கம்பிவேலி. மன்னார்புரத்தில் ஆட்டோ ஏறி "கம்பிவேலி போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். டிரைவர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டுவார். கேட்டுக்கு நூறடி முன்னாலேயே வண்டியை நிறுத்தி, "இங்கேருந்து நடந்துக்குங்க சிஸ்டர்" என்பார். முப்பத்திநாலு வருஷமாக நானும் அந்த நூறடியை நடந்துகொண்டுதான் இருக்கிறேன். காலரா, கக்குவான், மூளைக்காய்ச்சல் என்று எல்லாவற்றின் பக்கத்திலும் நின்றாயிற்று. கொரோனா மட்டும் ஒரு தடவை பத்து நாள் படுக்கவைத்தது. மற்றபடி இங்கே எனக்கு ஒட்டிக்கொண்டது கோபம் ஒன்றுதான்.

என் பெயர் வள்ளிக்கண்ணு. இங்கே தலைமை நர்ஸ். இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு நூறு வயது முடிகிறது, எனக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்த எங்கள் டாக்டரம்மா தமிழ்மணி, "நூற்றாண்டு மலருக்கு நம்ம ஆஸ்பத்திரி வரலாறை நீங்களே எழுதிடுங்க சிஸ்டர். நாலு பக்கம் போதும்" என்றார். நான் இருபத்தாறு பக்கம் எழுதினேன்.

என் தமிழைத் திருத்துவதற்கென்று ஸ்ரீரங்கத்திலிருந்து கோபு சாரை வரவழைத்தார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் சிவப்புப் பேனா. நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பேனாவைத் திறந்துவிட்டால் அவருக்கு ஈவு இரக்கம் கிடையாது.

அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். பழைய ரிகார்டு ரூமில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"ஆரம்பம் ரொம்ப நன்னாயிருக்கு சிஸ்டர்," என்றார். "வைகுண்ட ஏகாதசிக்கு வந்த ஜனங்களுக்குக் காலரா கண்டது, ஊருக்கு வெளியில கீத்துக் கொட்டகை போட்டது, சுத்தி வேலி அடிச்சது, எல்லாம் பேஷ். டாக்டர் பீமராவ் பத்தின பகுதியும் அவசியம் இருக்கணும். ஆனா இந்த ஆயாவுக்கு எதுக்கு ஆறு பக்கம்? சரித்திரம்னா ஸ்தாபனத்தோடதுதானே?"

"அந்த ஆறு பக்கத்தை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வேலிதான் சார்."

"கோவிச்சுக்காதீங்கோ. ரெண்டு வரியில சொல்லிடலாமோன்னோ? 'மாரியாயி என்னும் பணிப்பெண் அருந்தொண்டாற்றினார்' அப்படின்னு."

அருந்தொண்டாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த நோட்டை மேஜைமேல் போட்டேன். அறுபது வருஷத்துத் தூசி எழும்பியதில் இரண்டு பேருமே தும்மினோம்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெயர் கேட் நோட்டு. முன்னாளில் இங்கே தலைமை டாக்டராக இருந்த பீமராவ் காலத்தில் ஏற்பட்டது. அப்போதெல்லாம் உறவுக்காரர்களை உள்ளே விடுவதில்லை. ஆள் பிழைத்ததா இல்லையா என்பது வீட்டுக்குத் தெரிய ஒரே வழி தபால் கார்டுதான். 'இன்னாருக்கு மூன்றாம் தண்ணீர் விட்டாயிற்று. இந்தக் கார்டுடன் வந்து அழைத்துச் செல்லவும்' என்று எழுதிப் போடுவார்கள். அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று தடவை தலைக்கு ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றாத ஆளை எந்த வீட்டிலும் படியேற விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் இந்த வேலையெல்லாம் எதற்கு என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்களாம். "நான் பிழைக்கவெச்சு அனுப்பி, வீட்டுல சேர்க்கலைன்னா, பிழைச்சு என்ன பிரயோசனம்?" என்று பீமராவ் திருப்பிக் கேட்டாராம். அதோடு அவர்கள் வாய் மூடிக்கொண்டது.

கார்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வருகிறவரிடம் வாட்ச்மேன் ஒரே கேள்விதான் கேட்பார். "யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க?" பெயரைச் சொல்லிக் கார்டைக் கொடுக்க வேண்டும். கார்டை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் வந்தவர் பெயர், என்ன உறவு, கையெழுத்து அல்லது கைநாட்டு. அதற்கப்புறம்தான் ஆளை வெளியே விடுவார்கள். இப்போது கார்டு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. எங்கள் வாட்ச்மேன் அப்துல் சுக்கூர் இன்றைக்கும் கேட்காமல் கேட்டைத் திறக்கமாட்டார்.

1963ஆம் வருஷ நோட்டு கார்டுகள் ஒட்டி ஒட்டித் தலையணை மாதிரி உப்பியிருக்கும். அதில் ஒரே ஒரு வரிசையில் மட்டும் கார்டு இல்லை. மாரியாயி, வயது பதினேழு, முசிறி, பெரியம்மை. மூன்றாம் தண்ணீர் சித்திரை பதினாறு. கார்டு போட்ட நாள் என்ற கட்டத்தில் மூன்று தேதிகள். அதற்கப்புறம் எல்லாக் கட்டமும் வெறுமை.

அவளுக்கு ஒரு கண் போயிருந்தது, முகமெல்லாம் தழும்பு. மூன்று கார்டு போட்டும் யாரும் வரவில்லை. பெரியம்மை ஒருதரம் வந்து போன ஆளை மறுபடி தொடாது. அதனால் பீமராவ் அவளை அம்மை வார்டுக்கே ஆயாவாகப் போட்டார். நான் 1991இல் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மை நாட்டைவிட்டே போயிருந்தது, மாரியாயிக்கா மட்டும் இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் தினம் கேட்டுக்கு வந்துவிடுவாள். குணமாகிப் போகிறவர்கள் பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன்" என்பார்கள் இல்லையா, அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "இங்க என்னத்துக்கு வர்ற? போறேன்னு சொல்லு!" என்று வழிமறிப்பாள். ஊரெல்லாம் சொல்லக்கூடாத சொல்லை எங்கள் கேட்டில் மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டும். தாசில்தார் ஒருத்தர்கூட சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒரு தடவை கிளார்க் ஒருவர் பழைய நோட்டுகளை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று அந்த வெற்றுக் கட்டங்களில் கோடு போட்டு அடிக்கப் போனார். மாரியாயிக்கா அவர் கையைப் பிடித்துவிட்டாள். "அடிச்சுட்டீங்கன்னா வர்றவங்க எங்க கையெழுத்துப் போடுவாங்க?" என்றாள். அப்போது அவளுக்கு ஐம்பது வயது. 2012இல் போய்ச் சேர்ந்தாள். அப்துல் சுக்கூர் தோள் கொடுத்தார், ஓயாமரிச் சுடுகாட்டில் கொள்ளி வைத்தது எங்கள் வார்டு பாய் ஒருவர். அவளுக்கென்று ஊரிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

இவளுக்குத்தான் கோபு சார் இரண்டு வரி ஒதுக்கினார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது கேட் பக்கம் சத்தம் கேட்டது. ஆண் குரல், அதற்குமேல் அப்துல் சுக்கூர் குரல், அதற்குமேல் ஒரு பெண் அழுகிற சத்தம். நான் எழுந்து ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார். பின்சீட்டில் ஒரு பெண், மடியில் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை. ஆறு வயது இருக்கும். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கித் தாடையும் கழுத்தும் ஒன்றாகியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் ரம்பம் இழுக்கிற சத்தம். டாக்டர் தமிழ்மணி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"டிப்தீரியா. தொண்டை அடைப்பான்," என்றார். "பெரிய ஆஸ்பத்திரியில சரியாத்தான் எழுதி அனுப்பியிருக்காங்க. இதுக்கான சீரம் மருந்து நம்மகிட்டதான் இருக்கு. உடனே உள்ள கொண்டாங்க."

கார்க் கதவைக் கையால் அடைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். எழுபதைத் தாண்டின உடம்பு, முறுக்கு குறையவில்லை. வாழைக்கறை படிந்த துண்டு. குழந்தையின் தாத்தா, பிச்சமுத்து.

"உள்ள வரமாட்டோம்," என்றார். "எங்களை இங்கதான் அனுப்புறாங்கன்னு வழியிலதான் தெரிஞ்சுது. தஞ்சாவூர் போயிக்கிறோம். மருந்தை மட்டும் குடுங்க, காசு எவ்வளவுன்னாலும் தரேன்."

"ஐயா, தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரம்," என்றார் டாக்டர். "தொண்டைக்குள்ள சவ்வு வளர்ந்துக்கிட்டே இருக்கு. வழியில அடைச்சுக்கிச்சுன்னா கார்ல ஒண்ணும் பண்ண முடியாது. இந்த மருந்தைக் கையில குடுத்தும் அனுப்ப முடியாது, முதல்ல கொஞ்சமா போட்டு ஒத்துக்குதான்னு பார்க்கணும். பேசிக்கிட்டிருக்க நேரம் இல்ல."

"கம்பிவேலிக்குள்ள போனவங்க திரும்புனதில்ல. எங்க வீட்ல அனுபவப்பட்டிருக்கோம். எங்க அக்காவை இங்கதான் கொண்டாந்தாங்க. பொணத்தைக்கூடக் கண்ணுல காட்டல."

பின்சீட்டுப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். பெயர் அறிவுமதி. கணவன் பூவரசன் சிங்கப்பூரில் கட்டட வேலை, போன் அடித்தால் எடுக்கவில்லை. "மாமா சொல்றது நெஜம்தான் சிஸ்டர்," என்றாள். "கல்யாணமாகி வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். எங்க வீட்ல யாரும் இந்த ரோட்டு வழியாக்கூடப் போகமாட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. எம்புள்ளயக் காப்பாத்துங்க."

குழந்தை ஒரு மூச்சை இழுத்தது, விடவில்லை. நான் அதன் முதுகை நிமிர்த்திப் பிடித்தேன். அப்புறம் விட்டது. பெரியவர் கை கதவிலிருந்து எடுபடவில்லை. எனக்குக் கோபம் தலைக்குமேல் ஏறிவிட்டது.

"எந்த ஊர் நீங்க?"

"முசிறி."

"அக்கா பேரு?"

"மாரியாயி."

"எந்த வருஷம்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அறுபத்துமூணு."

அடுத்த நிமிஷம் நான் ரிகார்டு ரூமில் இருந்தேன். கோபு சார் "என்னாச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது, நின்று பதில் சொல்ல நேரமில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நானே நினைக்கவில்லை. கோபு சாரும் பின்னாலேயே வந்தார்.

நோட்டைக் காரின் ஜன்னல் வழியாக அறிவுமதியிடம் நீட்டி, விரலை அந்த வரிசையில் வைத்தேன். "படிம்மா. சத்தமா படி."

"மாரியாயி. வயது பதினேழு. முசிறி, கிழக்குத் தெரு. தகப்பன் பெயர் சின்னத்தம்பி. பெரியம்மை." அவள் விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. "குணம். மூன்றாம் தண்ணீர், சித்திரை பதினாறு. கார்டு போட்ட நாள், சித்திரை பதினேழு, வைகாசி இரண்டு, வைகாசி இருபது. அழைத்துப் போக வந்தவர்..." நிறுத்திவிட்டாள். "இங்க ஒண்ணும் எழுதல சிஸ்டர்."

"யாரும் வரல, அதான் எழுதல."

"அது வேற மாரியாயியா இருக்கும்," என்றார் பெரியவர். "முசிறியில வீட்டுக்கு வீடு மாரியாயி."

"வீட்டுக்கு வீடு சின்னத்தம்பியும் உண்டா?"

அறிவுமதி நிமிர்ந்தாள். "மாமா, சின்னத்தம்பிங்கிறது உங்க அப்பா பேரு. நாம இருக்கிறது கிழக்குத் தெரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்த மனிதர் அறுபத்திரண்டு வருஷமாக மறைத்திருக்கிறார், வீட்டில் எல்லோரும் அந்தச் சோற்றைத்தான் தின்றிருக்கிறார்கள். நான் மலருக்காக எடுத்து வைத்திருந்த போட்டோவைப் போனில் காட்டினேன். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண் வெளுத்து, வாய் நிறைய வெற்றிலையோடு மாரியாயிக்கா சிரிக்கிற போட்டோ.

"நாற்பத்தொன்பது வருஷம் இதே கேட்டுல நின்னுச்சு உங்க அக்கா. ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பி வெச்சுச்சு. கம்பிவேலிக்குள்ள போனவங்க திரும்பலையா? திரும்ப விடாதது யாரு? இப்பவாவது வாயைத் திறங்க பெரியவரே. உங்க பேத்திக்கு மூச்சு முட்டுது."

அவர் போட்டோவைப் பார்த்தார். கதவிலிருந்து கை கீழே விழுந்தது.

"முத கார்டு வந்தப்ப கருமாதி முடிஞ்சு நாலு நாள் ஆயிருந்துச்சு," என்றார். குரல் உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. "கம்பிவேலியில முசிறிப் பொண்ணு ஒண்ணு செத்துப்போச்சுன்னு டவுனுக்குப் போனவங்க யாரோ வந்து சொன்னாங்க. அங்க போனா அம்புட்டுத்தானேன்னு யாரும் விசாரிக்கவே இல்ல. அப்பா பதினாறாம் நாள் காரியத்தை முடிச்சு ஊருக்கே சோறு போட்டுட்டாரு. அப்புறம் கார்டு வருது, கூட்டிட்டுப் போங்கன்னு. வீட்ல எழுத்துக் கூட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அஞ்சாவது படிச்சேன். நான்தான் படிச்சுக் காட்டுனேன். 'கருமாதி பண்ணுன பொண்ணை எந்த மொகத்தோட ஊருக்குள்ள கூட்டியாருவேன், கிழிச்சுப் போடுடா'ன்னாரு. மூணு கார்டையும் நான்தான்மா படிச்சேன்."

"அப்ப அவங்க இங்க சாகல?" என்று அறிவுமதி கேட்டாள்.

"இல்ல."

"பொழச்சுக்கிட்டாங்க?"

"ஆமா."

அவள் நோட்டை என் கையில் திணித்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காரைவிட்டு இறங்கினாள். மாமனாரைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, டாக்டருக்கு முன்னாலேயே வார்டைப் பார்த்து நடந்தாள். என் வேலைக்காலத்தில் இந்தக் கேட்டுக்குள் யாரும் அவ்வளவு வேகமாக நுழைந்து நான் பார்த்ததில்லை. நல்லா நட தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சீரம் ஒத்துக்கொண்டது. முதல் நாள் முழுக்க டாக்டர் தமிழ்மணி கட்டிலைவிட்டு நகரவில்லை, தொண்டையில் துளை போடுவதற்கான தட்டு பக்கத்திலேயே தயாராக இருந்தது. அதைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் சவ்வு உரிந்து வந்தது. நாலாம் நாள் குழந்தை சுபஸ்ரீ என்னைப் பார்த்து, "உங்க தொப்பி எங்க? படத்துல நர்சுக்குத் தொப்பி இருக்கும்ல?" என்று கேட்டாள். சுகாதாரக்காரர்கள் முசிறிக்குப் போய், கிழக்குத் தெருவில் ஒரு குழந்தை விடாமல் ஊசி போட்டுவிட்டு வந்தார்கள். தொண்டை பிழைத்தாலும் இந்த நோய் இதயத்தில் கைவைக்கும், அதனால் மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தோம்.

அந்த மூன்று வாரமும் பிச்சமுத்து கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையில் முசிறி பஸ்ஸில் வருவார், சாயங்காலம் போவார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார். அப்துல் சுக்கூர் டீ குடிக்கப் போகிறபோதெல்லாம் மாரியாயிக்காவைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். என்ன சாப்பிடும், எங்கே தூங்கும், கண் எப்போதாவது வலித்ததா என்றெல்லாம் கேட்டாராம். வீட்டோடு எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை உண்டு, அவருக்கும் உண்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நான் வேறு யாருக்கும் விடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் கேட்டார். "எங்களை ஏசுமா சிஸ்டரம்மா?"

"ஏசியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஒரு வார்த்தை ஏசினதில்ல. ஒரே ஒரு தடவை லீவு போட்டுட்டு முசிறி பஸ்ல ஏறுச்சு. புதுச் சேலை, கையில ஒரு பை. சாயங்காலமே திரும்பி வந்துருச்சு. என்னக்கா ஆச்சுன்னு கேட்டேன். முசிறி ஸ்டாண்டு வந்துச்சாம், எல்லாரும் இறங்குனாங்களாம், இது மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்து அதே பஸ்ல திரும்பிடுச்சாம். 'வாழைத்தார் ஏத்துறதைப் பார்த்தேன், அது போதும்'னுச்சு."

பெரியவர் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வாழைத்தார் ஏற்ற வருகிறவர்களில் தானும் ஒருவன் என்று சொன்னார். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது. பதினோரு வயதில் படித்துக் காட்டியதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது வயதில், நாற்பது வயதில் வந்திருக்கலாமே? அதை அவரிடமே கேட்டேன். "வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

சுபஸ்ரீ வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. தொண்டையிலிருந்து எடுத்த இரண்டு பரிசோதனையிலும் கிருமி இல்லை. கோபு சார் அன்றைக்குத் திருத்தின பக்கங்களோடு வந்திருந்தார், குழந்தையை வழியனுப்ப அவரும் கேட்டுக்கு வந்தார். வெள்ளைக் கார் நின்றது. வேட்டி சட்டை வெளுத்துப் போட்டுக்கொண்டு பிச்சமுத்து இறங்கினார். அப்துல் சுக்கூர் கேட்டின் தாழ்ப்பாளில் கைவைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க?"

"ரெண்டு பேரை," என்றார் பெரியவர்.

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் பழுப்பேறிய ஒரு தபால் கார்டு. மடித்த மடிப்பில் பாதி கிழிந்திருந்தது. 'மாரியாயிக்கு மூன்றாம் தண்ணீர் விட்டாயிற்று. இந்தக் கார்டுடன் வந்து அழைத்துச் செல்லவும்.' கீழே வைகாசி இருபது தேதி, பீமராவின் கையெழுத்து.

"மூணாவதைக் கிழிக்கல," என்றார். "கிழிச்சிட்டேன்னு அப்பாகிட்டப் பொய் சொன்னேன். கூரையில சொருகினேன், அப்புறம் ஓட்டு வீடு, அப்புறம் மச்சு வீடு. ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பத்திரப்படுத்தினேன். கொண்டாரத்தான் தைரியம் வரல. இப்பக் குடுத்தா வாங்கிப்பீங்களா?"

அப்துல் சுக்கூர் என்னைப் பார்த்தார். நான் திட்டத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கேட் நோட்டையும் பசை டப்பாவையும் கொண்டுவந்தேன். நோட்டைக் கார் பானெட்டில் விரித்து, கார்டை அதற்கான இடத்தில் நானே ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகிவிட்டது.

"கையெழுத்துப் போடுங்க."

அவரிடம் பேனா இல்லை. என்னிடமும் இல்லை. கோபு சார் தன் சிவப்புப் பேனாவைத் திறந்து கொடுத்தார். என் பக்கங்களை அடித்து அடித்தே தேய்ந்த பேனா. பெரியவர் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி, பள்ளிக்கூடப் பையன் கையெழுத்தில் எழுதினார். அழைத்துப் போக வந்தவர்: பிச்சமுத்து. உறவு: தம்பி.

ரிகார்டு ரூமுக்குப் போய், மலருக்காகச் சட்டம் போட்டு வைத்திருந்த போட்டோவைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். மலருக்கு வேறு பிரதி எடுத்துக்கொள்ளலாம். அறிவுமதி முன்சீட்டிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். "மாமா, அவங்களோட முன்னாடி உட்காருங்க" என்றாள். அந்த மூன்று வாரத்தில் அவள் மாமனாரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவர் போட்டோவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

சுபஸ்ரீ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, வீங்கின சுவடுகூட இல்லாத தொண்டையால் கத்தினாள். "போறேன் சிஸ்டர்! போறேன் டாக்டர்! போறேன் வாட்ச்மேன் தாத்தா!"

"நன்னாப் போ கொழந்தே," என்றார் கோபு சார். அப்புறம் என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "அந்த ஆறு பக்கத்துல நான் அடிச்சதையெல்லாம் மறுபடி எழுதிடுங்கோ. இன்னிக்கு நடந்ததையும் சேர்த்துக்கோங்கோ. எத்தனை பக்கமானாலும் ஆகட்டும்" என்றார்.

கார் கிளம்பியது. அப்துல் சுக்கூர் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார். முன்ஜன்னல் பக்கம் குனிந்தார். பெரியவரைப் பார்க்கவில்லை, அவர் மடியில் இருந்த போட்டோவைப் பார்த்தார்.

"அக்கா," என்றார், "எத்தனை பேரைச் சொல்ல வெச்சிருக்கீங்க. போறேன்னு சொல்லிட்டுப் போங்க."

கார் மன்னார்புரம் பக்கம் திரும்புகிறவரை நின்று பார்த்தோம். அப்புறம் நான் கோபு சாரிடமிருந்து அந்தப் பேனாவை வாங்கி, நோட்டில் அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் வெளியேறிய தேதியை எழுதினேன்.